ஒரு முறை வந்தால் மறுமுறை வராதா?



"அம்மை ஒரு முறை போட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் ஆறுதல் மொழியன்று. அனுபவத்தில் கண்ட உண்மை. அந்த உண்மைக்கு மருத்துவ வரலாற்றில் அழகான சான்று ஒன்று இருக்கிறது.

அட்லாண்டிக் கடலின் வடபகுதியில் ஃபாரோ தீவுகள் என்னும் சிறு தீவுக்கூட்டம் உள்ளது. 1846-ஆம் ஆண்டில் அங்கே தட்டம்மை பரவியது. மொத்த மக்கள் தொகை 8,000-க்கும் குறைவு. அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் படுக்கையில் விழுந்தனர். டென்மார்க் அரசாங்கம் பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவரை அங்கு அனுப்பியது. அவர் வீடு வீடாகச் சென்று விசாரித்தபோது ஒரு புதுமையைக் கண்டார். இளைஞர்களும் நடுவயதினரும் நோயில் கிடக்க, முதியவர்கள் சிலர் மட்டும் எந்தத் துன்பமும் இன்றி நடமாடிக் கொண்டிருந்தார்கள். அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-ஆம் ஆண்டில். அப்போது குழந்தைகளாக இருந்து அந்நோயைப் பெற்றவர்களே இந்த முதியவர்கள். 65 ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்கள் உடல் அந்த நோயை மறக்கவில்லை.

உடல் எப்படி நினைவு வைத்துக் கொள்கிறது? நம் இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு, உள்ளே நுழைந்த கிருமிக்குப் பொருத்தமான ஒரு புரதப் பொருளை உற்பத்தி செய்கிறது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். பூட்டுக்கு ஏற்ற சாவியைப் போல அது கிருமியின் மேற்பரப்பில் பொருந்தி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டால் கிருமியால் நம் உடலின் அணுக்களுக்குள் நுழைய முடியாது. நோய் நீங்கிய பிறகும், அந்தச் சாவியைச் செய்யத் தெரிந்த அணுக்கள் உடலில் தங்கிவிடுகின்றன. அதே கிருமி மீண்டும் வந்தால், அது தலையெடுக்கும் முன்பே அடக்கிவிடுகின்றன. தடுப்பூசிகள் பலவற்றின் அடிப்படையும் இதுவே.

ஆனால், நேயர்களே, எல்லாக் கிருமிகளும் தட்டம்மைக் கிருமியைப் போன்றவை அல்ல. நம் நாட்டில் எல்லாரும் அறிந்த டிங்கிக் காய்ச்சலையே எடுத்துக் கொள்ளுங்கள். டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால், அந்த வகைக்கு எதிராக நீண்ட காலப் பாதுகாப்புக் கிடைக்கிறது. மற்ற மூன்று வகைகளுக்கு எதிரான பாதுகாப்போ சில மாதங்களில் குறைந்துவிடுகிறது. அதன் பிறகு வேறு வகை ஒன்று தாக்கும்போது, சிலருக்கு நோய் முன்னைவிடக் கடுமையாகவும் அமைந்துவிடுகிறது. ஆகவே, "ஒரு முறை வந்தால் மறுமுறை வராது" என்பதை எல்லா நோய்க்கும் விதியாகக் கொள்ள முடியாது என்பது தெளிவு.

இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டிருப்பது எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி. இந்தக் கிருமி ஒருவர் உடலில் ஏற்கெனவே இருக்கும்போது, வேறொருவரிடமிருந்து அதே இனத்தைச் சேர்ந்த இரண்டாவது கிருமி அவருக்குத் தொற்றுமா? தொற்றினால் அவர் உடலின் எதிர்ப்பொருள்கள் என்ன செய்கின்றன? இது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துபோகும் கேள்வியன்று. தடுப்பூசி கிடைக்குமா என்ற உலகத்தின் எதிர்பார்ப்பும், நோயோடு வாழ்பவர்கள் தங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்ற அன்றாடச் சிக்கலும் இதில் அடங்கியிருக்கின்றன.

எச்.ஐ.வி. கிருமியை 1983-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக் கழகத்தில் கண்டறிந்தார்கள். அதற்காக பிரான்சுவாஸ் பாரே சினூசி, லூக் மோந்தான்யே ஆகிய இருவருக்கும் 2008-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தக் கிருமி நுழைந்த சில வாரங்களிலேயே உடல் எதிர்ப்பொருளைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. இரத்தப் பரிசோதனைகள் பலவும் அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நோயை அறிகின்றன. அப்படியானால் எதிர்ப்பொருள் இருந்தும் கிருமி ஏன் அழிவதில்லை?

இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, இந்தக் கிருமி ஓயாமல் உருமாறுகிறது. தோட்டத்துக் கிராணி ஒருவர், காலைப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று பெயர்ப் பட்டியலை அவசர அவசரமாகப் படியெடுப்பதாக வைத்துக் கொள்வோம். ஒரு பெயரில் கொம்பு விட்டுப்போகும்; இன்னொன்றில் புள்ளி விட்டுப்போகும். சரிபார்க்கவும் ஆள் இல்லை. எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியைப் படியெடுப்பதும் இப்படித்தான். அந்தச் செய்தியின் நீளம் 10,000 எழுத்துக்குச் சற்றுக் குறைவு. சில படிகளுக்கு ஒரு பிழை என்ற அளவில் எழுத்துகள் மாறிப்போகின்றன. சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் ஒரே நாளில் கோடிக்கணக்கான புதிய கிருமிகள் பிறக்கின்றன. இத்தனையில் ஏதோ ஒன்று, எதிர்ப்பொருளின் பிடிக்கு அகப்படாத உருவத்தோடு பிறந்துவிடுகிறது. பிறகு அதன் வாரிசுகளே பெருகுகின்றன. உடல் புதிய சாவியைச் செய்து முடிப்பதற்குள் கிருமி பூட்டை மாற்றிவிடுகிறது.

இரண்டாவது, இந்தக் கிருமியின் மேற்பரப்பில் உள்ள புரதத்தைச் சர்க்கரைப் பொருள் போர்வை போல மூடியிருக்கிறது. அந்தச் சர்க்கரை நம் உடலின் அணுக்களே செய்து கொடுப்பது. ஆகவே காவலர்கள் அதைத் தம் வீட்டுப் பொருள் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ள வேண்டிய முட்கள் இதில் மிகக் குறைவு. சளிக்காய்ச்சல் கிருமியான இன்ஃபுளுவென்சாவின் மேல் நூற்றுக்கணக்கான முட்கள் உண்டு. எச்.ஐ.வி.யின் மேலோ சராசரியாகப் பத்துப் பதினைந்துதான்.

இவ்வளவு தடைகளையும் மீறி, நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு சிறப்பான ஆற்றல் உண்டாகிறது. அவர்களுடைய எதிர்ப்பொருள், தம் உடலில் உள்ள கிருமியை மட்டுமல்லாமல், உலகின் வெவ்வேறு பகுதிகளில் பரவும் பலவகை எச்.ஐ.வி. கிருமிகளையும் முடக்குகிறது. இதைப் பரந்த ஆற்றலுடைய எதிர்ப்பொருள் என்கிறார்கள். தடுப்பூசி ஆய்வாளர்கள் தேடும் புதையல் இதுதான்.

இனி, இரண்டாம் தொற்றுக்கு வருவோம். எய்ட்ஸ் நோயின் தொடக்க ஆண்டுகளில், ஒரு கிருமி குடியேறிய உடலில் இன்னொன்று நுழைவது அரிது என்றே பலர் கருதினார்கள். 2002-ஆம் ஆண்டு அந்தக் கருத்தை அசைத்தது. பேங்காக்கில் ஊசியால் போதைப்பொருள் ஏற்றிக்கொண்டவர்களிடையே நடந்த ஆய்வு, ஜெனீவாவில் கண்ட ஒரு நோயாளி, பாஸ்டனில் கண்ட ஒரு நோயாளி என்று அந்த ஓராண்டிலேயே மூன்று இடங்களிலிருந்து செய்திகள் வெளிவந்தன. பாஸ்டன் நோயாளியின் நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. முதல் கிருமியை நன்றாகக் கட்டுப்படுத்திய வெள்ளையணுக்கள் அவருக்கு இருந்தன. இரண்டாவதாக வந்ததும் அதே பி வகையைச் சேர்ந்த கிருமிதான். எனினும் அது உள்ளே நுழைந்துவிட்டது.

"முதலில் வந்த கிருமியே உருமாறிப் புதியது போலத் தோன்றியிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அண்ணன் தம்பிகளுக்குள் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும் முகச்சாயல் ஒன்று இருக்குமல்லவா? ஒரே கிருமியின் வாரிசுகளுக்கும் மரபுச் செய்தியில் அந்தச் சாயல் உண்டு. வேறு குடும்பத்திலிருந்து வந்தது தனியாகத் தெரிந்துவிடும். முன்பே எடுத்துக் குளிரில் பாதுகாத்து வைத்த இரத்தத்தில் அந்தப் புதிய குடும்பம் இல்லை, பின்னர் எடுத்ததில் இருக்கிறது என்றால், அது இடையில் வந்து சேர்ந்தது என்று முடிவு செய்யலாம்.

இத்தகைய ஆய்வுக்குப் பெருந்துணையாக இருந்தவர்கள், ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் துறைமுக நகரமான மொம்பாசாவைச் சேர்ந்த பெண்கள். பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர்கள், 1993-ஆம் ஆண்டு முதல் ஓர் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்து, மாதந்தோறும் மருத்துவ நிலையத்துக்கு வந்து சோதனைக்கு உட்பட்டார்கள். நோய் தொற்றுவதற்கு முன்பிருந்தே சேமிக்கப்பட்ட அவர்களுடைய இரத்த மாதிரிகளை, அமெரிக்காவின் சியாட்டல் நகரில் ஜூலி ஓவர்பா என்ற அறிவியலாளரின் குழுவினர் ஆராய்ந்தனர். 2013-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, 146 பெண்களில் 21 பேருக்கு இரண்டாம் தொற்று நேர்ந்திருந்தது. முதல் தொற்றின் வேகத்தோடு ஒப்பிட்டால் இரண்டாம் தொற்றின் வேகம் ஏறத்தாழப் பாதி. உகாண்டாவின் ராக்காய் பகுதியில் பொதுமக்களிடையே நடந்த மற்றோர் ஆய்வில், 149 பேரில் 7 பேருக்கு இரண்டாம் தொற்று இருந்தது.

இந்தப் "பாதி" என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் தொற்று ஏதோ ஓரளவு காவல் தந்திருக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு குறிப்பு. அந்தக் காவல் அரைகுறையானது என்பதற்கும் அதுவே சான்று. தட்டம்மைக் காவலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அப்படியென்றால், இரண்டாம் தொற்றுக்கு ஆளானவர்களுடைய எதிர்ப்பொருள் முன்பே வலுவற்று இருந்ததா? இந்தக் கேள்விக்கு ஆய்வாளர்களிடமிருந்து ஒரே விடை வரவில்லை. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வும், 2012-இல் வெளியான ஸாம்பியா நாட்டு ஆய்வும் "ஆம், வலுவற்றிருந்தது" என்றன. அமெரிக்க ஆய்வில் இரண்டாம் தொற்றுக்கு ஆளானவர்கள் மூவரே. 2008-இல் வெளிவந்த மொம்பாசா ஆய்வோ வேறு விதமாகச் சொன்னது. இரண்டாம் தொற்றுக்கு ஆளான பெண்களின் எதிர்ப்பொருள், ஆளாகாதவர்களுடையதைவிடக் குறைந்ததாக இல்லை. ஓரளவு நல்ல எதிர்ப்பொருள் இருந்தும் இரண்டாவது கிருமி நுழைந்துவிட்டது என்றது. சிறு எண்ணிக்கையில் நடக்கும் ஆய்வுகளில் இத்தகைய முரண்பாடு இயல்பே. ஆனால் ஒன்று மட்டும் உறுதி. எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது காவல் இருக்கிறது என்பதாகாது.

அடுத்து, இரண்டாவது கிருமி நுழைந்த பிறகு என்ன நடக்கிறது? இங்கேதான் எதிர்பாராத செய்தி ஒன்று கிடைத்தது. 2012-ஆம் ஆண்டில் அதே குழுவினர், இரண்டாம் தொற்றுக்கு ஆளான 12 பெண்களையும், ஒரே தொற்றோடு இருந்த 36 பெண்களையும் ஒப்பிட்டனர். முதல் தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ ஐந்தாண்டு ஆன நிலையில் எடுத்த இரத்தத்தை, 8 வேறுவேறு எச்.ஐ.வி. கிருமிகளோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு கிருமிகளைச் சந்தித்த பெண்களின் எதிர்ப்பொருள், அதிக வகைக் கிருமிகளை முடக்கியது. அதிக வலிமையோடும் முடக்கியது.

ஏன் இப்படி? ஒரே திருடனை மட்டும் கண்ட காவலாளி அவன் முகத்தை மட்டுமே அறிவான். வேறு வேறு ஊரிலிருந்து வந்த இருவரைக் கண்டவன், திருடர்களுக்குப் பொதுவான அடையாளம் என்ன என்று ஊன்றிக் கவனிப்பான் அல்லவா? இப்படி விளக்கம் சொல்வது எளிது. ஆனால் அறிவியல் எளிய விளக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, இரண்டாவது கிருமி வந்தபோது உடல் பெரும்பாலும் பழைய எதிர்ப்பொருளைத் திருத்திக் கூர்மையாக்கவில்லை. அந்தக் கிருமிக்கென்று புதிதாக ஒன்றைத் தொடங்கியது என்று காட்டியது. இரண்டு காவலாளிகள் ஆளுக்கொரு திருடனைப் பார்த்துக் கொண்டார்களே தவிர, இருவரும் கூடிப் பொது அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடவில்லை. இரண்டாம் தொற்று ஒன்றாலேயே பரந்த ஆற்றல் வந்துவிடாது என்பது இந்த ஆய்வு தரும் எச்சரிக்கை.

ஆனாலும் விதிவிலக்காக ஒரு பெண்மணி இருந்தார். அவரும் தென்னாப்பிரிக்காவில், குவாஸுலு நாட்டால் மாநிலத்தில் நடந்த ஆய்வில் பங்கேற்றவர். முதல் தொற்று நேர்ந்த சில மாதங்களிலேயே அவருக்கு இரண்டாம் தொற்றும் நேர்ந்தது. பின்னர் அவருடைய உடல் மிகப் பரந்த ஆற்றலுள்ள எதிர்ப்பொருளைச் செய்தது. அந்த எதிர்ப்பொருளின் குடும்பம் எப்படித் தோன்றி, எப்படிப் படிப்படியாக முதிர்ந்தது என்ற வரலாற்றை 2014-இல் ஆய்வாளர்கள் விரிவாக வெளியிட்டனர். அதன் ஒரு வடிவம் இப்போது ஆய்வுக்கூடத்தில் மருந்தாகவே தயாரிக்கப்பட்டு, மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது.

இங்கே நாம் மறக்கக்கூடாத ஓர் உண்மை உண்டு, நேயர்களே. பரந்த ஆற்றலுள்ள எதிர்ப்பொருள் இருந்ததால் மொம்பாசாப் பெண்களுக்கு நோய் மெதுவாகிவிடவில்லை என்று 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏனென்றால், எதிர்ப்பொருள் முதிர்ச்சி பெறும்போது உடலுக்குள் இருக்கும் கிருமி பல படி முன்னே ஓடிவிட்டிருக்கும். தன்னிடம் உண்டான எதிர்ப்பொருள் தனக்கு உதவாமல், இன்னும் நோய் தொற்றாத வேறொருவருக்கு உதவக்கூடும். மாதந்தோறும் வந்து இரத்தம் கொடுத்த அந்தப் பெண்களை, அவர்கள் செய்த தொழிலைச் சொல்லி இழிவாகப் பேசுவோர் உண்டு. ஆனால் உலகத்துக்கே பயன்படும் அறிவை அவர்கள் நமக்குத் தந்திருக்கிறார்கள்.

தடுப்பூசிக்கு இதனால் கிடைத்த பாடம் என்ன? ஒரே உருவத்தைக் காட்டி ஊசி போட்டால் போதாது. வெவ்வேறு உருவங்களை வரிசைப்படுத்திக் காட்டி, எதிர்ப்பொருளைப் படிப்படியாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. மேலும், தயாராகச் செய்த எதிர்ப்பொருளையே உடலில் ஏற்றினால் என்ன என்றும் சோதித்தார்கள். சுமார் 4,600 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. அந்த எதிர்ப்பொருளுக்கு எளிதில் அடங்கும் கிருமிகளை அது ஏறத்தாழ 75 விழுக்காடு தடுத்தது. அடங்காத கிருமிகளே அதிகமாகப் பரவியிருந்ததால், மொத்தத்தில் தொற்று குறையவில்லை. ஒரு சாவி போதாது, சாவிக்கொத்து வேண்டும் என்பதே அதன் பொருள்.

நமக்கும் இதில் தொடர்பு உண்டா? உண்டு. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பலதரப்பட்ட மக்களிடையே பரவியிருந்த ஒரு புதிய கலப்பு வகையை 2006-ஆம் ஆண்டில் விவரித்தார்கள். அதற்கு சி.ஆர்.எஃப். 33 என்று எண் கொடுக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் பரவும் வகையும் பி வகையும் கலந்து உண்டானது அது. இரண்டு கிருமிகள் எப்படிக் கலக்கும்? ஒரே மனிதரின் உடலில், ஒரே அணுவுக்குள் இரண்டும் சேர்ந்தால்தான் கலக்கும். அவை ஒன்றாகவே வந்திருந்தாலும், ஒன்றன்பின் ஒன்றாக வந்திருந்தாலும், யாரோ ஒருவர் உடலில் இரண்டும் சந்தித்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை.

"எங்கள் இருவருக்குமே இருக்கிறது. இனி எதற்குப் பாதுகாப்பு?" என்று எண்ணும் தம்பதியர் உண்டு. அவர்கள் அறிய வேண்டியது இதுதான். சிகிச்சை பெறாத நிலையில், ஒருவரிடம் உள்ள கிருமி மற்றவருக்குப் புதிய தொற்றாகச் செல்லக்கூடும். அது மருந்துக்கு அடங்காத கிருமியாக இருந்துவிட்டால், நன்றாக வேலை செய்த மருந்தும் பயன் குன்றிவிடும். பட்ட காலிலே படும் என்பார்களே, அந்த நிலை வரக்கூடாது. வழக்கமான இரத்தப் பரிசோதனை இரண்டாம் தொற்றைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். முன்பே "உண்டு" என்று காட்டிய சோதனை, மீண்டும் "உண்டு" என்றுதான் காட்டும்.

ஆயினும் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டு வருபவர்களுக்கு இரண்டாம் தொற்று மிக அரிது. சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து, அந்த நிலையிலேயே நீடித்தால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து பிறருக்கு அது தொற்றுவதில்லை என்பது பெரிய ஆய்வுகளால் உறுதிப்பட்டிருக்கிறது. அந்த நிலையை அடையும்வரை ஆணுறை அவசியம். பிறர் பயன்படுத்திய ஊசியை எந்த நிலையிலும் தொடக்கூடாது. மருந்தை இடையில் நிறுத்த நேர்ந்தால், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்வதற்கு ஒருவருக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவைக் கொடுப்பதும் கெடுப்பதும் நம் கையில் இருக்கின்றன. அண்டை வீட்டாரின் ஏச்சுக்கு அஞ்சி மருந்தகத்தின் படியேறாதவர், மருந்தையும் இழக்கிறார். தம்மிடமிருந்து நோய் பிறருக்குச் செல்லாமல் தடுக்கும் வாய்ப்பையும் இழக்கிறார். எச்.ஐ.வி.க்கு எதிராக நம்பத்தக்க தடுப்பூசி இன்னும் வரவில்லை. உடல் தானாகச் செய்யும் எதிர்ப்பொருளும் முழுக்காவல் தருவதில்லை. கையில் இருக்கும் காவல் மருந்தும், எச்சரிக்கையும், ஒருவரையொருவர் ஒதுக்காத மனமுமே. இம்மூன்றும் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கட்டும்.